மழையை எண்ணும் கிண்ணம்

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு மாணவன் உயிரிழந்தான். மழை பெய்ததோ மேலே, மலையில்.

பண்பொழியில் உங்கள் மொட்டைமாடியிலேயே மழைமானி அமைக்கலாம். புனலின் விட்டம் 20 செ.மீ. என்றால் வாய்ப்பரப்பு 314 ச.செ.மீ.; 1 மி.மீ. மழைக்கு 31.4 மி.லி. நீர் சேரும். அடியில் தராசுபோல் ஆடும் இரட்டைக் கிண்ணம் 6.3 மி.லி. நிரம்பியதும் சாயும். அது 0.2 மி.மீ. மழை. சாயும்போது காந்தம் ஒரு ஸ்விட்சை மூடும். சிறு மின்னணுப் பலகை அதை எண்ணி, நேரத்துடன் பதியும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் அப்பதிவைப் படிக்க வழி செய்யுங்கள். இல்லையேல் ஊகித்துப் பதில் சொல்லக்கூடும். கடைசிப் பதிவின் நேரத்தையும் கூறச் செய்யுங்கள்.

ஆனால், "அருவியில் குளிக்கலாமா?" என்று அதனிடம் கேட்காதீர்கள். மாடியில் பூஜ்யம் காட்டும்போதே மலையில் மழை கொட்டலாம் அல்லவா?