மூன்றாம் ராத்திரி

அன்புள்ள தங்கைக்கு,

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டதும் கார்த்திகை மாதம்தான் நினைவுக்கு வந்தது. சபரிமலைக்கு மாலை போடும் மாதம். இருபது வருடம் விடாமல் குடித்தவர் மாலை போட்ட அன்றைக்கே அடியோடு நிறுத்துவார். வீடே குளிர்ந்துபோகும். அன்று மாலையே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்பார். இல்லாத ஆளோடு பேசுவார். பெற்ற மகனையே யாரென்று தெரியாமல் அடிக்க ஓடுவார். சாமி குத்தம் என்று சொல்லிக் கட்டிலோடு கட்டிவைப்பார்கள். உனக்கு போன் வருவது அதற்குப் பிறகுதான்.

மதுவுக்கே பழகிப்போன மூளை, அது திடீரென்று நின்றதும் தறிகெட்டு ஓடுகிறது. கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும். எவ்வளவு குடிப்பார் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். கடைசியாக எப்போது குடித்தார் என்று வாசலிலேயே கேள். முந்தாநாள் என்று பதில் வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடு. குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவை, வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். தெரிந்தால்தான் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் ஊசி போடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நடுங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் குடியின் கேட்டைப் பேசிவிட்டு வந்தேன். கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்கவில்லை. மறுநாள் அவர் இல்லை. அவர் மனைவி எனக்கு டீ போட்டுக் கொடுத்த டம்ளர் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சில ஊரில் போலீஸ் உனக்கு முன்பே வந்திருக்கும். சண்டை போடாதே, சட்டத்தைச் சொல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது 100-ஆம் பிரிவு. சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு தடுக்கிறது. கட்டினால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். கட்டிலில் கட்டும் வேட்டித் துணியும் எனக்கு அந்தச் சங்கிலிதான்.

அறைக்குள் போனதும் கூட்டத்தை வெளியே அனுப்பு. விளக்கைப் போடு, இருட்டில் பயம் கூடும். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. பூச்சி இல்லை என்று வாதாடாதே, "நான் பக்கத்துலயே இருக்கேன் அண்ணே" என்றால் போதும். இரவில் தனியாகத் திணறினால் 14416-க்குப் பேசு. டெலி மானஸ் மனநல உதவி மையம் எந்நேரமும் எடுக்கும், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. கார்த்திகை வரும்வரை காத்திருக்காதே. ஐப்பசியிலேயே உன் ஊர்களில் குருசாமிகளைப் போய்ப் பார். தினமும் குடிக்கிறவர் யாராவது மாலை கேட்டு வந்தால், போடும் முன்பே ஒரு நடை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கச் சொல்.

உன் அக்கா