சுவருக்குள் நான்கு வடங்கள்

காரியவட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் கூடத்துச் சுவரில் நான்கு கறுப்பு வடங்கள் தலைநீட்டுகின்றன. பெயர்ச்சீட்டு ஒன்றிற்கும் இல்லை. ஐப்பசியில் இங்கே மாலை வந்தால் இடியும் வந்துவிடும். மலையாள நண்பர்கள் துலாவர்ஷம் என்பர். மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் வடம் எதுவென்று அறியாமல் எதைக் கழற்றி வைப்பது?

நடுவே செம்புக் கம்பி, அதைச் சூழ்ந்து காப்புப் பொருள், அதன்மேல் உலோக வலை: இதுவே ஓரச்சு வடம். ஆலிவர் ஹெவிசைடு 1880-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

வானம் தெளிந்த காலையில், வடங்களை இரு முனைகளிலும் கருவிகளிலிருந்து கழற்றுங்கள். டிஷ் வடத்தில் 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும், மறவாதீர்! பின்னர் மூன்று அறைகளிலும் மாடியிலும், கம்பிக்கும் வலைக்கும் இடையே ஒவ்வொரு மின்தடையம் பொருத்துங்கள்: 100, 220, 470, 1000 ஓம். கூடத்தில் மல்டிமீட்டரை வைத்தால் எண்ணே இடத்தைச் சொல்லும். ஒரே நடைதான். வடத்திற்குரிய 75 ஓமை அதில் தேடாதீர்கள். அது உயர் அதிர்வெண் அலைக்குரிய மின்மறுப்பு. எண்ணே வராவிடில் வடம் அறுந்திருக்கலாம், அல்லது சுவருக்குள் பிரிப்பான் ஒளிந்திருக்கலாம்.

காகிதச் சீட்டு இவ்வூர் ஈரத்தில் ஒரு மாதம் தாங்கவில்லை. எங்கள் மாடி வடத்தின் இரு முனைகளிலும் இப்போது சிவப்பு இன்சுலேஷன் டேப். கார்முகில் கண்டதுமே, முதல் இடிக்கு முன்பாக, அதைக் கழற்றிவிடுகிறோம்.