எர்ணாவூரிலிருந்து தாம்பரம்

கேள்வி: சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. கிறித்தவக் கல்லூரி என்பதால் பாட்டி தயங்குகிறார். எனக்கோ ஆங்கிலமும் தூரமும்தான் பயம்.
– ஒரு மாணவி, எர்ணாவூர்

பதில்: பாட்டியிடம், குடியரசுத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைப் பற்றிச் சொல்லுங்கள், தங்கையே. அதே கல்லூரியில் தத்துவம் படித்த அவர், முதுகலைப் பட்டத்துக்காக 1908இல் எழுதிய ஆய்வேடு வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. அதை மனதாரப் பாராட்டியவர் அவருடைய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக், ஒரு ஸ்காட்லாந்து மிஷனரி. அந்தக் கல்லூரி பிற சமயத்தையும் மதிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. அப்போது கல்லூரி இருந்ததும் ஜார்ஜ் டவுனில், நம் வடசென்னையின் வாசலில். 1937இல்தான் தாம்பரம் போனது.

தூரம் உண்மையான சிரமம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் விமான நிலையம். பக்கத்திலேயே திரிசூலம், அங்கிருந்து மின்சார ரயில். மலிவான வழி, கடற்கரை நிலையத்தில் ரயில் மாறுவது. மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். எப்படிப் போனாலும் நாளில் பல மணி நேரம் பயணத்திலேயே கரையும். வீட்டில் சம்மதித்தால் விடுதிக்கு விண்ணப்பியுங்கள்.

ஆங்கிலம் வரும். புரியாததை வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தமிழிலேயே கேளுங்கள். குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டாலும் தவறில்லை. முதல் பருவத்தில் மதிப்பெண் குறைந்தாலும் கல்லூரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அரசுப் பள்ளியில் படித்த உங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.