மொட்டை மாடி அறிவியல்: கற்றுக்கொடுக்கும் அக்கா, அண்ணன்மாருக்குச் சில குறிப்புகள்

இல்லம் தேடிக் கல்வி 2021-ல் வந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். 2022-ல் வந்த வானவில் மன்றமும் ஆறு முதல் எட்டு வரை. ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு இரண்டும் இல்லை. பாடம் கனமாகத் தொடங்குவதோ அங்கேதான். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. கிறித்தவக் கல்லூரி, எம்.ஐ.டி., வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று எம்.எஸ்ஸி.யோ பிஎச்.டி.யோ படிக்கிறவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அக்கம்பக்கத்து ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாடிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அவருக்கான குறிப்புகள் கீழே.

1. டியூஷன் ஆக்கிவிடாதீர்கள். பள்ளியில் ஒருமுறை, டியூஷனில் ஒருமுறை கேட்ட பாடத்தை மூன்றாவது முறை கேட்க எந்தப் பிள்ளையும் வராது. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஐந்தாறு பேர், ஒரே ஒரு சோதனை போதும். காசு வாங்க வேண்டாம். வாங்கினால் அம்மாக்கள் மார்க் எங்கே என்பார்கள். அதில் தப்பும் இல்லை.

2. முதல் வாரம் தண்ணீரில் தொடங்குங்கள். போர் தண்ணீர், கார்ப்பரேஷன் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று அவரவர் வீட்டில் இருப்பதை ஒரு பாட்டிலில் கொண்டுவரட்டும். ஒரே மாதிரி பாட்டில்களில் அரை டம்ளர் வீதம் ஊற்றி, சோப்புக் கரைசல் பத்துச் சொட்டு விட்டு, மூடி, இருபது முறை குலுக்கி, நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். குளியல் சோப்பைச் சீவிக் கரைத்ததுதான் சரி. துணி துவைக்கும் பவுடர் என்றால் எல்லாத் தண்ணீரும் நுரைத்துத் தள்ளும், வித்தியாசம் தெரியாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரைக்குப் பதில் வெள்ளையாகத் திரிதிரியாய் மிதக்கும். சோப்பு அதிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்துகொண்டதன் அடையாளம் அது. அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிவை இறுத்து மறுபடி குலுக்கச் சொல்லுங்கள். நுரை கூடினால் அந்த அளவு தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்கவைத்தும் போகாதது நிரந்தரக் கடினத்தன்மை. வெந்நீர்க் குண்டானின் அடியில் பொருக்குத் தட்டுகிறதே, அது முதல் வகையின் வேலை.

“நுரை நிறைய வந்தா நல்ல தண்ணியா அக்கா?” என்று சேலையூர்ப் பையன் ஒருவன் கேட்டான். இந்தக் கேள்வி வருவதற்காகத்தான் இத்தனை பாட்டிலும். நுரை வந்தால் மென்னீர், அவ்வளவே. கிருமி இருக்கிறதா என்று சோப்பு சொல்லாது. ஆனால் பதிலை உடனே அவிழ்த்துவிடாதீர்கள், அடுத்த சனிக்கிழமை வரை கிடக்கட்டும்.

3. நிறங்காட்டிக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று கேட்டுவிட்டு மஞ்சளையும் சுண்ணாம்பையும் கையில் கொடுங்கள். பிறகு எலுமிச்சை.

4. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் தாம்பரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் மணி 12.07 வாக்கில், நட்டமாக நிறுத்திய குழாயின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். ஆகஸ்டில் மேகம் கெடுக்கலாம், ஏப்ரலை விடாதீர்கள். திருநெல்வேலியில் சித்தி வீடோ மாமா வீடோ இருக்கிற பிள்ளைக்கு இன்னொரு வேலை உண்டு. அதே நாளில் பத்து நிமிடம் கழித்து அங்கே ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தி நிழலை அளக்கச் சொல்லட்டும். ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும், அதுவும் தெற்குப் பார்த்து விழும். கோணம் நான்கு டிகிரி சொச்சம். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 465 கி.மீ. இதை வைத்துப் பூமியின் சுற்றளவைப் போட்டுப் பார்த்தால் 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் செய்த கணக்கு இதுவே. அவருக்கு வாட்ஸ்அப் கிடையாது.

5. ஒரு ஞாயிறு பல்லாவரம் போய்வாருங்கள். பல்லாவரம் என்றால் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைச் சந்தைதான் தெரியும். 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வின் தொடக்கம் அது. உலகமெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கும் சார்னோகைட் என்ற பாறை இந்தக் குன்றுகளிலும் பரங்கிமலையிலும் கிடப்பதே. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் தாமஸ் ஹாலந்து 1893-ல் அப்படிப் பெயர் வைத்தார். ஃபூட் திரட்டியவற்றின் பெரிய தொகுப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் போதும்.

6. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த அண்ணன்கள் தமிழ்வழிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டு வருவது நல்லது. உந்தம், முடுக்கம், திசைவேகம் என்று பிள்ளை பேசும்போது விழிக்கக் கூடாது.

7. பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள். அம்மா, அப்பா இருக்கும் குரூப்பில் மட்டும் பேச்சு. வகுப்பு நடக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். கேட்காமல் போட்டோ போட வேண்டாம். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

8. ஜனவரி பிறந்தால் பத்தாம் வகுப்புக்கு வேடிக்கை போதும். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். மீட்டர் ஸ்கேலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒருபக்கம் 100 கிராம் சோப்பும் மறுபக்கம் எடை தெரியாத பொருளுமாக நகர்த்திச் சமன் செய்வது வீட்டிலேயே நடக்கும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தின் பிம்பத்தைச் சுவரில் விழவைத்தால் லென்சின் குவியத்தொலைவு கிடைத்துவிடும்.

9. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுகள் செய்யவைக்கிறது; 10 முதல் 17 வயது வரை சேரலாம். இரண்டாம் குறிப்பின் தண்ணீர்க் கணக்கையே தெருத் தெருவாக எடுத்தால் ஓர் ஆய்வு தேறும். அறிக்கையைப் பிள்ளைகள் எழுதட்டும். எம்.எஸ்ஸி. படித்தவர் எழுதிக்கொடுத்தது நடுவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இயக்கத்தின் ‘துளிர்’ இதழுக்குச் சந்தா கட்டி மாடியில் போட்டுவையுங்கள்.

10. படிப்பு முடிந்து அக்கா பெங்களூருக்குப் போய்விடுவார். கடைசி இரண்டு மாதம் ஜூனியர் ஒருவரைக் கூடவே உட்காரவைத்து, எந்தப் பிள்ளை எந்தக் கேள்வியில் நிற்கிறது என்று எழுதிய நோட்டையும் பாட்டில்களையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.