ஈமெயில் கடிதமும் கடைக் கணக்கும்

வியாபாரச் சகோதரர்களின் கவனத்திற்கு ஒரு விஷயம் எழுத விரும்புகிறோம். நாம் கம்ப்யூட்டர் கற்றவரல்லர். மதரஸாவில் ஓதியதும், ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே நமது படிப்பு. ஆயினும், பட்டவன் சொல்லுக்கும் ஒரு மதிப்பு உண்டல்லவா?

பினாங்கில் நமக்கு மளிகைச் சரக்குக் கடை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், நாம் அசர் தொழச் சென்றிருந்த வேளையில், கணக்கு எழுதும் பையன் ஓர் ஈமெயிலைத் திறந்தான். நாம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் இடத்தின் பெயரிலேயே வந்திருந்தது. "தங்கள் பில் பாக்கி நிற்கிறது, விபரம் இணைப்பில் காண்க" என்று இரண்டே வரி. இணைப்பைத் தட்டினான், ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தட்டினான். சற்று நேரத்தில் கணக்கு ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறின. எதையும் திறக்க முடியவில்லை. பணம் கட்டினால் சாவி தருவதாகத் திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது.

இதற்கு ரான்சம்வேர் என்று பெயர். திருடன் பெட்டியைத் தூக்கிச் செல்வதில்லை. நம் பெட்டியை நம் கடையிலேயே பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை பேசுகிறான்.

இது எப்படி நுழைந்தது என்பதைச் சகோதரர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஃபைலின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துக்களே அது இன்ன சரக்கு என்று சொல்பவை. பி.டி.எஃப். என்றால் படிக்கும் காகிதம். இ.எக்ஸ்.இ. என்றால் காகிதமன்று, வேலை செய்யக் கிளம்பும் ஆள். விண்டோஸ் கம்ப்யூட்டரோ, நாம் மாற்றி வைக்காதவரை, இந்தக் கடைசி எழுத்துக்களைக் காட்டாது. ஆகவே "பில்" என்று பெயரிட்டு, அடுத்து பி.டி.எஃப்., அதற்கும் அடுத்து இ.எக்ஸ்.இ. என்று வைத்தால், நம் கண்ணுக்கு பி.டி.எஃப். மட்டுமே தெரியும். ஃபைல்களைப் பார்க்கும் ஜன்னலில் 'வியூ' என்பதைத் தட்டி, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதற்கு அடையாளமிட்டால் முழுப் பெயரும் தெரியும். அரை நிமிட வேலை.

தந்திரம் புதிதன்று. 2000 மே 4ஆம் தேதி பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் இதே முறையில் காதல் கடிதம் போல் வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் அது தானே நகல் அனுப்பிக்கொண்டது. தெரிந்தவர் பெயரில் வந்ததாலேயே இலட்சக்கணக்கானோர் திறந்தார்கள். அன்று அந்நாட்டில் அதற்குரிய சட்டம் இல்லாமையால், செய்தவன் தண்டனையின்றித் தப்பினான்! சட்டம் அதற்குப் பிறகே வந்தது.

ஆதலின், அனுப்பியவர் பெயர் தெரிந்த பெயர் என்பது அத்தாட்சியாகாது. சந்தேகமிருந்தால் நம் கடைப் புத்தகத்திலுள்ள நம்பருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். கடிதத்திலேயே உள்ள நம்பருக்குச் செய்து பயனில்லை. வேர்டு, எக்ஸெல் ஃபைல் திறந்ததும் 'எனேபிள் கண்டென்ட்' என்ற பொத்தானை அழுத்தச் சொன்னால் அழுத்தலாகாது. 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. அதனால் இப்பொழுது பூட்டிய ஜிப் ஃபைல் அனுப்பி, அதைத் திறக்கும் ரகசியச் சொல்லையும் கடிதத்திலேயே எழுதிவிடுகிறார்கள். வைரஸ் சோதிக்கும் காவலாளி உள்ளே பார்க்க முடியாதிருக்கவே அந்தப் பூட்டு.

இனி நமது கடைக் கதைக்கு வருவோம். பையன் பயந்துபோய்த் திரையை மட்டும் அணைத்துவிட்டு வாய் திறவாதிருந்தான். இரவு ஒன்பது மணிக்குக் கடை அடைக்கும்போதுதான் சொன்னான். அதற்குள், ஒரே நெட்வொர்க்கில் இருந்த மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களும், எப்பொழுதும் செருகியே வைத்திருந்த நகல் டிஸ்க்கும் பூட்டப்பட்டுவிட்டன. "ஏன் உடனே சொல்லவில்லை?" என்றோம். "ஏசுவீங்கன்னு பயந்துட்டேன் முதலாளி" என்றான். முந்தின மாதம் ஒரு பில் தவறியதற்காக, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அவனை நாம் ஏசியிருந்தோம். அன்றே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை நிறுத்தியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். முதலில் செய்ய வேண்டியது அதுதான். பிறகு வேறு கம்ப்யூட்டரிலிருந்து பேங்க், ஈமெயில் ரகசியச் சொற்களை மாற்ற வேண்டும். பேங்கில் பணம் போயிருந்தால் 997க்குத் தாமதமின்றிப் போன் செய்ய வேண்டும். மலேசியாவில் 2022 அக்டோபர் முதல் இதற்கென்றே உள்ள நம்பர் அது.

கேட்ட பணத்தை நாம் கட்டவில்லை. கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு யார் ஜாமீன்? டச்சு போலீஸும் யூரோபோலும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்னும் இணையதளத்தில் சிலவகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு. நம் பூட்டுக்கு அதில் சாவி இல்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவே ஏற்றினோம்.

ஆனால் பற்று வரவை எங்கிருந்து ஏற்றுவது? வாடிக்கையாளர்களிடமே போய், "உங்கள் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டோம். அநேகர் வெள்ளி கூடக் குறையாமல் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும், "நான் முன்பணம் தந்திருக்கிறேன், தம்பி" என்றார். நாம் நம்பவில்லை. இரண்டொரு வார்த்தை தடித்தும் போயிற்று. மூன்று வாரங்களுக்குப் பின், நமது கையெழுத்துடன் அந்த ரசீது மேசை இழுப்பறையில் கிடைத்தது. பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டிற்கே போய் மன்னிப்புக் கேட்டோம். பணத்தை வாங்கிக்கொண்டு தேநீரும் கொடுத்தார். கடைக்கு அவர் பிறகு வரவில்லை.

இப்பொழுது இரண்டு நகல் டிஸ்க் வைத்திருக்கிறோம். வாரம் மாற்றி வாரம் ஒன்று கடையில் நகல் எடுக்கும், மற்றது வீட்டு அலமாரியில் இருக்கும். நகல் எடுத்ததும் கழற்றிவிடுகிறோம். கடன் பாக்கியை மட்டும் இரவில் காகிதத்திலும் எழுதிவிடுகிறோம். பையன் நம்மிடமே இருக்கிறான். சந்தேகமான கடிதம் வந்தால் தொடாமல் நம்மைக் கூப்பிடுகிறான். போன வாரம் இரண்டு முறை கூப்பிட்டான். அவற்றில் ஒன்று உண்மையான பில்லாகவே இருந்தது.