கையில் காய்ந்த பசையும் உளூவும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் நம் சகோதரர்கள் லுஹர் இடைவேளையில் அவசரமாக உளூச் செய்கிறார்கள். விரலில் சாயக்கறை இருக்கும். நகத்தோரம் பசை காய்ந்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

சாயம் வெறும் நிறமாக நின்றால் தண்ணீர் தோலைத் தொடும்; உளூ கூடும். பசை படலமாக ஒட்டி நீரைத் தடுக்கும். அதை உரித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

பாதத்தில் நகமளவு இடத்தை நனைக்காமல் விட்ட ஒருவரைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், திரும்பிப் போய் உளூவை அழகாகச் செய்யுமாறு சொன்னார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது.

ஆகவே, ஜமாஅத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே எழுந்து பசையை உரித்துவிடுங்கள். உரித்தால் தோலே கிழியும் என்றால் உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். குழாயை மட்டும் திறந்தே விடாதீர்கள். வீண்விரயம் உளூவிலும் கூடாது.