இறக்கைகளின் இடைவெளியில் காற்று வீணாகிறதா?

கேள்வி: முப்பந்தல் வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு சந்தேகம். காற்றாலைக்கு மூன்றே இறக்கைகள். நடுவே அவ்வளவு வெட்டவெளி. பெரும்பகுதிக் காற்று அதன் வழியே வீணாகப் போய்விடாதா? பத்துப் பன்னிரண்டு இறக்கைகள் வைத்தால் என்ன?
– வள்ளியூர் வாசகர்

பதில்: காற்றாலைக் கணிதத்தின் மையத்தையே தொட்டுவிட்டீர்கள். காற்று மோதித் தள்ளுவதால் இறக்கை சுற்றுகிறது, ஆகவே மோதாத காற்று வீண் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உண்மையானால் இடைவெளியே இல்லாத வட்டத் தட்டுதான் சிறந்த காற்றாலை. ஆனால் அது சுற்றவே சுற்றாது. காற்றாலை இறக்கையின் வெட்டுமுகம் விமான இறக்கையைப் போன்றது. அதன்மேல் காற்று வழுக்கிச் செல்கையில், ஓட்டத்துக்குக் குறுக்காக ஒரு விசை பிறக்கிறது. இதைத் தூக்குவிசை என்பார்கள். சுற்றவைப்பது இதுதான்.

கணக்குப் போடும் பொறியாளர் முதலில் இறக்கைகளை மறந்துவிடுகிறார். அவை சுற்றும் பரப்பு முழுவதையும், காற்று ஊடுருவிப் போகும் ஒரே தட்டாகக் கருதுகிறார். காற்றின் வேகத்தைக் குறைத்தால்தான் ஆற்றல் கிடைக்கும். அதற்காகக் காற்றை அடியோடு நிறுத்திவிடவும் முடியாது. பேருந்தில் இறங்குபவர் இறங்கினால்தானே ஏறுபவர் ஏறலாம்? பின்னால் உள்ள காற்று விலகாவிட்டால், வரும் காற்று தட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்கி அனுப்பும்போதுதான் அதிக ஆற்றல் கிடைக்கிறது: காற்றிலுள்ள ஆற்றலில் 16/27 பங்கு, அதாவது 59.3 சதவீதம். ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸின் பெயரால் வழங்கும் இந்த எல்லையை, எத்தனை இறக்கை வைத்தாலும் தாண்ட முடியாது.

சரி, மூன்று இறக்கைகள் முழுத் தட்டுக்கு ஈடாகுமா? 80 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மெதுவாகத்தான் தெரியும். ஆனால் இறக்கை முனையின் வேகம் மணிக்குச் சுமார் 226 கிலோமீட்டர்! ஒவ்வோர் இடத்தையும் 1.3 விநாடிக்கு ஒருமுறை ஓர் இறக்கை கடக்கிறது. விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வரும் காற்று அதற்குள் 12 மீட்டர்தான் நகரும். தொடாத காற்றின் வேகத்தையும் இறக்கையைச் சூழ்ந்த அழுத்த மாற்றம் குறைத்துவிடுகிறது.

அடுத்து, இறக்கையை நீளவாக்கில் பல துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டும் காற்றுக்குக் கொடுக்கும் விசையும், அங்கே காற்று இழக்கும் உந்தமும் (நிறையை வேகத்தால் பெருக்கி வருவது) சமமாகும்வரை கணினி திரும்பத் திரும்பக் கணக்கிடும். இம்முறையை வகுத்தவர் பிரிட்டனின் ஹெர்மன் கிளாவர்ட். உங்கள் சந்தேகத்துக்கும் இதில் இடம் உண்டு. முனைப் பகுதியில் இடைவெளியால் உண்மையிலேயே கொஞ்சம் இழப்பு ஏற்படுகிறது. லுட்விக் பிராண்ட்டில் தந்த திருத்தக் காரணி அதைக் கணக்கில் சேர்க்கிறது. மூன்றாவது இறக்கையால் சில சதவீதம் லாபம் உண்டு. நான்காவதால் வருவது அதைவிடச் சொற்பம். செலவோ ஓர் இறக்கைக்குரிய முழுச் செலவு. இறக்கைகள் கூடினால் ஒவ்வொன்றையும் ஒல்லியாக்க வேண்டும், அல்லது சுழற்சியைக் குறைக்க வேண்டும். ஒல்லியானால் வளைவைத் தாங்காது. வேகம் குறைந்தால் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் முறுக்குவிசை வேண்டும், கியர்பாக்ஸ் கனத்துவிடும்.

நீங்கள் சொல்லும் பல இறக்கைக் காற்றாலைகள் அமெரிக்கப் பண்ணைகளில் நெடுங்காலமாகத் தண்ணீர் இறைத்தன. பம்பை அசைக்க வேகம் வேண்டாம், முறுக்குவிசைதான் வேண்டும். அந்த வேலைக்கு உங்கள் யோசனையே சரி.